கைப்பயிற்சியும் காட்சிக்கூடமும்: ஓவியர் வான்கோவின் கலைவாழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கலைஞனுக்குப் படைப்பூக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா மிகப் பழையது. அஃது எதிர்பாரா நேரத்தில் மின்னலெனத் தோன்றி மறைவது என்பார் ஒரு சாரார். இடையறாப் பயிற்சியின் விளைவே அது என்பார் மற்றொரு சாரார். முதற்கருத்தை வலியுறுத்துவோர் பெரிதும் எடுத்துக்காட்டும் பெயர் டச்சு நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோ (1853-1890) என்பதாகும். மனநோயும் வறுமையும் வாட்டிய அவரது வாழ்வைக் கண்டு, அவர்தம் ஓவியங்கள் வெறிகொண்ட மனத்தின் திடீர் வெளிப்பாடுகள் என்று பலர் கருதுகின்றனர். அவர் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களோ வேறொரு மனிதரை நமக்குக் காட்டுகின்றன. நாள்தோறும் வரைந்தவர்; காட்சிக்கூடங்களில் பிறர் ஓவியங்களின் முன் நெடுநேரம் நின்று கற்றவர்; கற்றதை மறுநாளே தம் கையால் சோதித்துப் பார்த்தவர் அவர். அன்றாடப் பயிற்சியும் அருங்காட்சியகமும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்த்தன என்பதை அவரது வாழ்வின்வழிக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண் மட்டும் கற்ற காலம்

வான்கோ ஓவியராகத் தம் வாழ்வைத் தொடங்கியவரல்லர். 1869ஆம் ஆண்டு, தமது பதினாறாம் வயதில், கூப்பில் என்னும் ஓவிய வணிக நிறுவனத்தின் ஹேக் நகரக் கிளையில் பணியில் சேர்ந்தார். பின்னர் இலண்டனிலும் பாரிசிலும் அந்நிறுவனத்துக்காகப் பணியாற்றினார். அக்காலத்திலேயே அந்நகரங்களின் அருங்காட்சியகங்களைக் கண்டு மகிழ்ந்தார். ஓவியர் பெயர்களும் ஓவியங்களின் பெயர்களும் அவருக்கு மனப்பாடமாயின. ஆயினும் அன்று அவர் கண்டது ஒரு சுவைஞரின் கண்கொண்டே. ஓவியத்தில் எது அழகு என்பதை அறிந்திருந்தார். அவ்வழகு எவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் வினா அவருள் இன்னும் எழவில்லை. இவ்வேறுபாடு ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அறுபது தாள்கள்

வணிகப் பணியை 1876இல் இழந்து, சமயப் பணியிலும் நிலைபெறாமல், பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்த வான்கோ, 1880ஆம் ஆண்டு, தமது இருபத்தேழாம் வயதில், ஓவியராவது என்று முடிவு செய்தார். தம்பி தியோ அனுப்பிய பணமே வாழ்வுக்கு ஆதாரமாயிற்று. ஆசிரியர் எவருமில்லை. சார்ல் பார்க் என்பார் தொகுத்த கரிக்கோல் பயிற்சித் தாள்களைத் தருவித்தார். அவை அறுபது. ஒவ்வொன்றையும் பார்த்து வரைந்தார். முடித்தபின் மீண்டும் முதல் தாளிலிருந்து தொடங்கினார்.

ஹேக் நகரில் வாழ்ந்தபோது, தொலைவையும் அளவையும் பிழையின்றிக் காண, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய சட்டம் ஒன்றைச் செய்வித்து, கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் தூக்கிச் சென்றார். பின்பு நூனென் என்னும் சிற்றூரில், 1884-85 குளிர்காலத்தில், உழவர்களின் தலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டினார். ஐம்பது தலைகள் தீட்டவேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கணக்கு. அவற்றுள் ஏறத்தாழ நாற்பது இன்றும் கிடைக்கின்றன. இப்பயிற்சியின் விளைச்சலே 1885இல் உருவான ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் ஓவியம். அதனைத் தம் முதற்பெரும் படைப்பாக அவர் கருதினார். அதன் கல்லச்சுப் படத்தைக் கண்ட நண்பர் வான் ராப்பார்ட்டோ உருவங்களின் அமைப்பைக் கடுமையாகக் குறைகூறினார். நட்பு முறிந்தது.

கை பழகியிருந்தது, ஆனால் வண்ணம் இருண்டிருந்தது. உருவங்களை முற்ற முடித்து மெருகேற்ற வேண்டுமா, வேகமான தூரிகை வீச்சோடு நிறுத்திவிடலாமா என்னும் ஐயம் அவரை வருத்தியது. இந்நிலையில்தான் அவர் மீண்டும் ஓர் அருங்காட்சியகத்தின் வாயிலை மிதிக்கிறார்.

வினாவோடு சென்றவர்

ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் 1885ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வான்கோ அங்குச் சென்றார். உடனிருந்தவர், ஓவியம் பயின்றுவந்த தோல் பதனிடும் தொழிலாளரான கெர்செமாக்கர்ஸ் என்னும் நண்பர். ரெம்பிராண்டின் ‘யூத மணமகள்’ என்னும் ஓவியத்தின் முன் அமர்ந்த வான்கோ அவ்விடத்தை விட்டு எழவே இல்லை என்று அந்நண்பர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நண்பர் ஏனைய கூடங்களைப் பார்த்துத் திரும்பியபோதும் வான்கோ அங்கேயே இருந்தாராம். காய்ந்த ரொட்டித் துண்டைத் தின்றுகொண்டு பதினான்கு நாள் அவ்வோவியத்தின் முன் இருக்க வாய்ப்பின், தம் வாழ்நாளில் பத்தாண்டுகளைக் கொடுக்கவும் இசைவதாகக் கூறினாராம்.

வெறும் உணர்ச்சிப் பெருக்காக மட்டும் இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வோவியத்தில் மணமகனின் சட்டைக் கையை ரெம்பிராண்ட் மென்மையாக மெழுகவில்லை. வண்ணத்தைத் தடிப்பாக அப்பி, ஒளியை அதன் மேட்டிலேயே தங்கச் செய்துள்ளார். அருகில் சென்றால் அது வண்ணக் குழைவு; விலகி நின்றால் பொன்னிழை ஆடை. முற்ற முடிப்பதா, நிறுத்துவதா என்று ஐந்தாண்டுகளாகத் தம் கையோடு போராடியவருக்கு இதனினும் தெளிவான விடை வேறில்லை. ஃபிரான்ஸ் ஹால்சின் படைப்புகளையும் இதே நோக்கில் ஆராய்ந்தார். ஹால்ஸ் இருபத்தேழு வகைக் கருமைகளைக் கையாண்டுள்ளார் எனத் தம் கடிதத்தில் குறித்தார். பழைய டச்சு ஓவியர்கள் பெரும்பாலும் விரைவாகத் தீட்டினர் என்பதும், நன்றாக அமைந்ததை மீண்டும் தொட்டுக் கெடுக்கவில்லை என்பதும் அவர் கண்ட உண்மைகள். கருப்பைத் தாமே நாள்தோறும் குழைத்துப் பார்த்தவர்க்கன்றி அதன் வகைகளை எண்ணத் தோன்றுமோ?

கற்றதைக் கையில் சோதித்தல்

ஊர் திரும்பிய வான்கோ அம்மாதம் முடிவதற்குள்ளேயே ஓர் ஓவியம் தீட்டினார். விரித்துவைத்த பெரிய விவிலிய நூல், அதனருகே எமிலி சோலாவின் புதினம் ஒன்று, அணைந்த மெழுகுதிரி ஆகியனவே அதன் பொருள்கள். அதனை ஒரே நாளில், ஒரே மூச்சில் தீட்டியதாகத் தம்பிக்கு எழுதினார். அருங்காட்சியகம் உரைத்ததை அவர் குறிப்பேட்டில் எழுதி மூடிவைக்கவில்லை. உடனே தூரிகைக்கு மாற்றினார். அகத்தூண்டல் என்பது கூடத்தில் தோன்றிய வியப்பன்று. அவ்வியப்பு வீடு திரும்பி வேலையாக மாறும் நிலையே என்பதற்கு இவ்வோவியம் சான்றாகிறது.

1886இல் பாரிசை அடைந்தபின்பும் இம்முறை மாறவில்லை. உருவம் காட்டி அமர்வோர்க்குக் கூலி கொடுக்க இயலாமையால் கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்துப் பலமுறை தீட்டினார். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தன்னுருவ ஓவியங்கள் அந்நகரில் உருவாயின. எந்நிறம் எந்நிறத்தோடு இணங்கும் என்றறிய, பல நிறக் கம்பளி நூல்களைப் பின்னிச் சிறு உருண்டைகளாக்கிப் பார்த்தார். அவ்வுருண்டைகள் இருந்த பெட்டி இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

அருங்காட்சியகம் இல்லாத இடத்தில்

1889ஆம் ஆண்டு மே மாதம் வான்கோ தென்பிரான்சின் சென் ரெமி மனநோய் மருத்துவமனையில் தாமே சென்று சேர்ந்தார். ஓராண்டு அங்கு இருந்தார். நோயின் தாக்குதல் வந்தபோது வெளியே செல்லவும் இயலவில்லை. அருங்காட்சியகமோ எட்டாத் தொலைவில். ஆகவே அதனைத் தம் அறைக்கே வரவழைத்துக்கொண்டார். மில்லே, தெலாக்ருவா, ரெம்பிராண்ட் ஆகியோர் படைப்புகளின் அச்சுப் பிரதிகளே அவருக்குக் காட்சிக்கூடமாயின. தெலாக்ருவாவின் கல்லச்சுப் படம் ஒன்று எண்ணெயிலும் வண்ணத்திலும் விழுந்து கெட்டுப்போயிற்று. அதற்கு வருந்தியவர், அப்படத்தையே பெரிதாக்கி வண்ணத்தில் தீட்டினார்.

இது பிறரைப் படியெடுத்தல் அன்றோ எனச் சிலர் வினவலாம். அப்பிரதிகள் கருப்பு வெள்ளையில் அமைந்தவை. வண்ணம் முழுவதும் வான்கோவினுடையது. பிறர் இயற்றிய இசையை ஒருவர் தம் கருவியில் வாசிப்பதோடு இதனை அவர் ஒப்பிட்டார். மில்லேயைத் தழுவி மட்டும் ஏறத்தாழ இருபது ஓவியங்கள் அக்காலத்தில் எழுந்தன. அவ்வோராண்டில் அவர் தீட்டியவை ஏறத்தாழ நூற்றைம்பது. ‘விண்மீன் இரவு’ அவற்றுள் ஒன்று. நோயின் உச்சத்தில் அவரால் தீட்ட இயலவில்லை; நோய் விலகிய நாள்களில் பழக்கம் அவரைத் தூரிகையிடம் மீட்டுவந்தது. எனவே நோய் ஓவியத்தைத் தந்தது என்பதினும், ஓவியப் பழக்கமே நோயின் நடுவே அவரைத் தாங்கியது என்பதே பொருத்தமாகும்.

முடிவுரை

பத்தாண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் வண்ண ஓவியங்களும், வரைபடங்களோடு சேர்த்து ஏறத்தாழ 2,100 படைப்புகளும் வான்கோவின் கையிலிருந்து வெளிவந்தன. பயிற்சி செய்வோர் அனைவரும் வான்கோ ஆவர் என்பது இதன் பொருளன்று. பயிற்சியின்றி வான்கோவும் வான்கோ ஆகியிரார் என்பதே இதன் பொருள். இருபது வயதில் சுவைஞராகக் கண்ட காட்சிக்கூடங்கள் அவருக்கு இன்பம் தந்தன; முப்பத்திரண்டு வயதில், பழகிய கையோடும் தீராத வினாவோடும் கண்ட காட்சிக்கூடமோ வழியைத் தந்தது. நூலகத்துக்குச் செல்லும் மாணவருக்கும் இது பொருந்தும். நாளும் சில வரிகளேனும் எழுதிப் பார்ப்பவர்க்கே பேரிலக்கியத்தின் ஆக்கநுட்பம் புலனாகும்.

1890ஆம் ஆண்டு, ஓவேர் என்னும் ஊரில் குடியேறிய சில வாரங்களுக்குள் வான்கோ தம்பிக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார். பத்தாண்டுகளுக்குமுன் பயின்ற அதே பார்க்கின் கரிக்கோல் பயிற்சித் தாள்களை அனுப்புமாறு கேட்டார். அறுபது தாள்களையும் மீண்டும் ஒருமுறை வரைவது அவரது எண்ணம். அவ்வாண்டு சூலை 29ஆம் நாள் அவர் மறைந்தார். ‘விண்மீன் இரவு’ தீட்டிய கை, தொடக்க மாணவனின் முதல் தாளுக்குத் திரும்ப நாணவில்லை. ஆம்ஸ்டர்டாமில், ரெம்பிராண்டின் முன் அவர் அமர்ந்திருந்த அருங்காட்சியகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், 1973இல் திறக்கப்பட்ட வான்கோ அருங்காட்சியகம் இன்று நிற்கிறது. வினாவோடு வருவோர்க்கு விடைதர, இப்போது அவருடைய ஓவியங்கள் அங்குக் காத்திருக்கின்றன.