டயரைக் கழற்றிப் பார்த்து விலை பேசுங்கள்

பங்குனி வெயில் ஏறியதும் ரமணாசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டார் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்புவார்கள். அந்த அவசரத்தில் அடுப்பு, மெத்தை, சைக்கிள் எல்லாம் கைமாறும். எப்போதாவது ஒரு ஜோடி விலையுயர்ந்த ரேஸ் சக்கரமும் அகப்படும். அசல்தானா?

ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். யாரும் அச்சடித்து ஒட்டிவிடலாம். தைவானில் செய்தது என்று இருந்தால் ஒதுக்கவும் வேண்டாம். பெரிய கம்பெனிகளின் சரக்கே நிறைய அங்கேதான் ஆகிறது.

முதலில் டயரையும் டியூபையும் கழற்றச் சொல்லுங்கள். மாவிக் கிசிரியம் எஸ்எல் ரிம்மில் டயர் உட்காரும் பள்ளத்தில் வால்வுத் துளையைத் தவிர வேறு துளையே இருக்காது. போக்ஸ் கம்பி பிடிக்கும் மரையை ரிம்மின் உட்புறச் சுவரிலேயே வெட்டியிருப்பார்கள். காம்பக்னோலோ ஷமால் அல்ட்ராவிலும் பள்ளம் வழவழப்புதான். நிப்பிளைக் காந்தத்தால் ரிம்முக்குள் இழுத்து வந்து மாட்டுகிறார்கள். இந்தப் பெயர்களை ஒட்டிய ரிம்மில் வரிசையாகத் துளை தெரிந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். போலிக்காரன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

அடுத்தது ஹப். டிடி ஸ்விஸ் என்றால் அதிலுள்ள அடையாள எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், எந்த மாடல் என்று வந்துவிடும். அவர்களுடைய 240 ஹப்பில் பல்சக்கரத் தொகுதியைக் கையாலேயே இழுத்துக் கழற்றலாம். உள்ளே பல் வைத்த இரண்டு வளையங்கள் எதிரெதிராக இருக்கும். ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள் தெரிந்தால் அது 240 இல்லை.

எடையும் போடுங்கள். நான் ஏமாந்தது அதில்தான். வாங்கிய பிறகு மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். சொன்னதைவிட 200 கிராம் கூட. சில பத்து கிராம் என்றால் விட்டிருப்பேன்.

கார்பன் ரிம்தான் சிக்கல். ஸிப் சக்கரத்தின் குழிக்குழி மேற்பரப்பை இப்போது மற்றவர்களும் அச்சில் எடுக்கிறார்கள், அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு நாணயத்தால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் மந்தமானால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். அசலாக இருந்தாலும் வேண்டாம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் இன்னும் யோசியுங்கள். ஜவ்வாது மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதிக்கும். மட்டமான பிசின் அந்தச் சூட்டில் இளகி, டயர் அழுத்தத்தில் விளிம்பு விரிந்துவிடும்.

ஆக, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காலையில் ஒரு சுற்று என்பவருக்கு நல்ல அலுமினியச் சக்கரம் போதும். கோட்டம் விழுந்தால் ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம். கார்பன்தான் வேண்டும் என்றால், பெரிய பெயர் ஒட்டிய சந்தேகச் சரக்கைவிட, பெயரே ஒட்டாத சீன ரிம்மை அதற்குரிய விலைக்கு வாங்குவேன். அதில் ஏமாற்று இல்லை.

உங்கள் சைக்கிளில் சேருமா என்றும் பாருங்கள். ரிம் பிரேக் ரேஸ் சைக்கிளின் பின் ஹப் அகலம் 130 மில்லிமீட்டர், டிஸ்க் பிரேக் என்றால் பெரும்பாலும் 142.

பக்கத்துச் சைக்கிள் கடையில் கிடைக்கும் 28 அங்குல டயர் 635 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. இந்தச் சக்கரம் 622, ஏறினாலும் நிற்காது. உபரி டயர் இருக்கிறதா என்று விற்பவரிடமே கேளுங்கள். ஊருக்குப் போகிறவர் சும்மாவே கொடுத்துவிடுவார்.