பேசிக்கொண்டே நடக்கப் பழகுவோம்

வித்துராவில் இருந்து பொன்முடிக்கு ஒரு சாலை போகிறது. கல்லாறு தாண்டினால் ஒரே ஏற்றம். 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே தேயிலைத் தோட்டம். போணக்காட்டுப் பக்கமும் தேயிலைத் தோட்டம் உண்டு. தமிழ்நாட்டில் இருந்து வந்த குடும்பங்கள் அங்கே லயங்களில் குடியிருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தன.

கொழுந்து பறித்த கால்கள் லேசுப்பட்டவை அல்ல. சரிவில் நிற்கும். மழையிலும் ஏறும். அந்தச் சரிவுதான் அவர்களுக்குத் தினசரிப் பயிற்சி. வேலை நின்றதும் பயிற்சியும் நின்றுவிடுகிறது. "உழைத்தது போதும், உட்காரு பாட்டி" என்று நாமே சொல்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் உட்கார்ந்த கால் வலு இழக்கிறது.

ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். வயது 70. இடவப்பாதி மழைக்காலம். முற்றத்தில் பாசி. பாட்டி குடத்தோடு வருகிறார். பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள்: "பாட்டி, ரேஷன் கடை திறந்தாச்சா?" பாட்டி திரும்புகிறார். அடுத்த நொடி கீழே கிடக்கிறார்.

ஏன் விழுந்தார்? பாசி என்று சொல்வோம். பாசி நேற்றும் இருந்தது. அதற்கு முந்தின நாளும் இருந்தது. இன்று புதிதாக வந்தது அந்தக் கேள்விதான்.

இதை ஸ்வீடன் நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 1997-இல் வெளிவந்தது. முதியோர் விடுதியில் இருந்த 58 பேரை நடக்கச் சொன்னார்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அந்த 12 பேரில் 10 பேர் 6 மாதத்துக்குள் விழுந்தார்கள்.

காரணம் என்ன? நடப்பது கால் மட்டும் செய்யும் வேலை அல்ல. மூளையும் சேர்ந்து செய்கிறது. இளம் வயதில் அது நமக்குத் தெரிவதில்லை. வயதானால் நடைக்கே மூளையின் கவனம் நிறைய வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கேள்வி வந்தால் கவனம் இரண்டாகிறது. கால் தடுமாறுகிறது.

அப்படியானால் காலையும் மூளையையும் சேர்த்தே பழக்க வேண்டும்.

முதலில் காலைப் பழக்குவோம். நியூசிலாந்து நாட்டில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 1990-களில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். வீட்டிலேயே செய்யும் எளிய பயிற்சி. அதனால் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நாமும் வீட்டில் செய்யலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். 10 தடவை போதும். பிறகு ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். முடிந்தால் கை ஊன்றாமல் எழுந்திருங்கள். கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வாரத்தில் 3 நாள் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். தலைச்சுற்றலோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சில வாரம் பழகிய பிறகு மூளைக்கும் வேலை கொடுங்கள். கம்பியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நடந்துகொண்டு ஊர்களைச் சொல்லுங்கள். நெடுமங்காடு, சுள்ளிமானூர், தொளிக்கோடு, வித்துரா, கல்லார், பொன்முடி. இது சுலபம். இனி பொன்முடியில் இருந்து திருப்பிச் சொல்லுங்கள். கால் நிற்கக் கூடாது! 50-இல் இருந்து மூன்று மூன்றாகக் குறைத்தும் எண்ணலாம். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களையும் செய்யச் சொல்லுங்கள். அவர்களும் திணறுவார்கள்.

மனதில் இன்னொன்றும் இருக்கிறது. அது பயம். ஒருமுறை விழுந்தவர் நடக்கவே பயப்படுகிறார். நடக்காததால் கால் இன்னும் தளர்கிறது. தளர்ந்த கால் மறுபடி விழவைக்கிறது. அவரைப் படுக்கையிலேயே வைத்திருப்பது உதவி ஆகாது. கையைப் பிடித்து வாசல் வரை நடத்துங்கள். நாளைக்கு இன்னும் நாலு அடி கூட்டுங்கள்.

வீட்டையும் கவனியுங்கள். முற்றத்துப் பாசியைச் சுரண்டுங்கள். தேய்ந்த செருப்பை எறியுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவில் விளக்கு எரியட்டும். இரவில் எழுபவர் உடனே நிற்கக் கூடாது. படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கண்ணில் புரை இருந்தால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் விழலாம். உடனே நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்பில் கடும் வலியா? ஒரு கால் குட்டையாகத் தெரிகிறதா? பாதம் வெளிப்பக்கம் திரும்பி இருக்கிறதா? இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயிற்சி: உங்கள் ஊர் பஸ் போகும் வழியில் உள்ள 6 நிறுத்தங்களின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பிடித்து நிற்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.