பெர்ஸியஸ் கூட்டத்தின் ஆறாத வெம்மை

வானத்தில் நமக்குப் புலனாவன நக்ஷத்திரங்களே. ஆயினும், நூற்றுக்கணக்கான அண்டங்கள் திரண்ட கூட்டமொன்றை நிறுத்துப் பார்ப்போமாகில், அவற்றின் நக்ஷத்திரங்கள் அனைத்தினும் அவற்றிடையே பரந்து கிடக்கும் வாயுவே பன்மடங்கு நிறையுடையதாகும். கோடிக்கணக்கான டிகிரி உஷ்ணமுடைய அவ்வாயு எக்ஸ் கிரணங்களாக ஒளிர்வதால் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. அக்கிரணங்களை நமது காற்று மண்டலம் விழுங்கிவிடுதலின், கருவிகளை அதற்கு அப்பால் அனுப்பியே காணல் வேண்டும். 1970-ல் கென்யாக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட உஹுரு என்னும் துணைக்கோள் இவ்வொளிர்வைப் பல கூட்டங்களில் கண்டது.

ஏறக்குறைய 24 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பெர்ஸியஸ் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவிலுள்ள வாயுவின் உஷ்ணம் சுமார் 5 கோடி டிகிரி; சூரியனுடைய மையத்தினும் மும்மடங்கு. ஒளிரும் பொருள் ஆறவேண்டுமன்றோ? நடுவில் வாயு நெருங்கியிருத்தலின் அது விரைந்து குளிர்ந்து, திரள் திரளாகப் புது நக்ஷத்திரங்களாய் மாறியிருத்தல் வேண்டும். அங்ஙனம் நிகழவில்லை. அடுப்பெரிப்பது யாது?

சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி 1999-ல் ஏவப்பட்டது. நடு அண்டத்திலுள்ள கருந்துளை வாயுவிற் பெருங்குமிழிகளை ஊதுவதையும், அவற்றைச் சூழ்ந்து குளத்தலை போன்ற வளையங்கள் விரிவதையும் அது தெளிவாகக் காட்டிற்று. அவ்வளையங்கள் ஒலியலைகளே என்று 2003-ல் ஆண்ட்ரூ ஃபேபியன் குழுவினர் கூறினர். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு! செவிக்கு எட்டாத சுருதிதான்.

அவ்வாற்றல் வாயுவினுள் எவ்வாறு பரவுகிறது? வாயு கொந்தளித்தால் அதிலுள்ள இரும்பணுக்கள் வீசும் நிறமாலைக் கோடுகள் அகலும். அவ்வகலத்தை அளந்தால் வேகம் தெரியும். இதன்பொருட்டு ஜப்பானியர் 17-2-2016 அன்று ஹிடோமியை ஏவினர். அச்சொல்லுக்குக் கண்ணின் பாவை என்பது பொருள். கோடி டிகிரியை ஆராயும் அதன் கருவியோ, தனிப் பூஜ்யத்திற்கு மேல் ஒரு டிகிரியின் இருபதிலொரு பங்குக்குக் குளிர்விக்கப்பட்டது. மார்ச் 26-ல் நிலைப்படுத்தும் அமைப்புப் பிழைபட, துணைக்கோள் சுழன்று சிதைந்தது. எனினும் அதற்குள் பெர்ஸியஸை நோக்கியிருந்தது. விடை: விநாடிக்கு 164 கிலோமீட்டர். எதிர்பார்த்ததினும் அமைதியான வாயு! இத்துணை மெல்லிய கலக்கம் வெம்மையை நெடுந்தொலைவு சுமந்து செல்லுதல் அரிது. ஆகவே ஒலியலை முதலிய பிற வழிகளை அறிஞர் மீண்டும் ஆராயலாயினர்.

அதே வகைக் கருவியுடன் 2023 செப்டம்பரில் கிரிஸம் சென்றது. கருவியின் மூடி திறக்க மறுத்தது. ஆயினும் இரும்பின் கிரணங்கள் அதிலுள்ள பெரிலியத் தகட்டை ஊடுருவி உள்ளே புகுந்தன.