விதைநெல்லும் தந்தையின் பொறுப்பும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போகும்போதெல்லாம் முரசுமோட்டை வயல்களைப் பார்த்திருக்கிறேன். காலபோகத்துக்கு முன் அங்குள்ள விவசாயிகள் பதரை நீக்கி விதைநெல்லைத் தெரிந்தெடுப்பார்கள். இரணைமடுவில் எவ்வளவு நீர் இருந்தாலும் விதை பழுதென்றால் விளைச்சல் இல்லை என்பது அவர்கள் அனுபவம்.

மனித சந்ததி விடயத்தில் நாம் இதை மறந்துவிடுகிறோம். குழந்தை குறையோடு பிறந்தால், “வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாய்?” என்று தாயிடம் கேட்கிறோம். தந்தை என்ன குடித்தார் என்று எவரும் கேட்பதில்லை.

மருத்துவ உலகமும் நீண்டகாலம் தாயையே பார்த்தது. கர்ப்பிணியின் மதுப் பழக்கத்தால் சிசுவின் முகம், மூளை, வளர்ச்சி பாதிக்கப்படும் நிலைக்கு 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்களான ஜோன்ஸ், ஸ்மித் ஆகியோர் பெயரிட்டனர். அதன் பின் எச்சரிக்கைகள் யாவும் தாய்மாருக்கே எழுதப்பட்டன.

தந்தையின் பங்கு

ஆணின் உடலில் ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். பரம்பரை அலகுகளில் எது இயங்க வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டும் இரசாயன அடையாளங்களும் அதில் உள்ளன. மது இந்த அடையாளங்களை மாற்றக்கூடும். டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோல்டிங் குழுவினர் ஆண் எலிகளுக்கு மட்டும் மது கொடுத்துப் பார்த்தனர். தாய் எலி மதுவைத் தொடாதபோதும் குட்டிகளின் முக அமைப்பில் மாற்றங்கள் தெரிந்தன.

சீனாவில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட தம்பதியரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, கருத்தரிப்புக்கு முன் தந்தை மது அருந்திய குடும்பங்களில் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு சுமார் 35 சதவீதம் அதிகம் எனக் கண்டது. குடிப்பவரின் பிள்ளைகள் எல்லோரும் குறையோடு பிறப்பார்கள் என்பது இதன் பொருளல்ல; பெரும்பாலானோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆனால் ஆபத்து கூடுகிறது.

பிறந்த பின்னர்

கூலிப்பணம் கசிப்புக்குப் போனால் பிள்ளையின் தட்டில் முட்டையும் பாலும் குறையும். இரவுச் சண்டையில் தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மறுநாள் பாடம் ஏறாது. பயத்திலேயே வளரும் பிள்ளையின் உடலும் மனமும் நலிவடையும்.

நாம் செய்யக்கூடியது

விந்தணுக்கள் தொடர்ந்து புதிதாக உருவாகின்றன என்பது நல்ல செய்தி. எனவே பிள்ளைக்காகத் திட்டமிடும் ஆண், குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பாவது மதுவை முற்றாகக் கைவிட வேண்டும். அதன் பின்னும் தொடாதிருப்பதே பிள்ளைக்குப் பாதுகாப்பு. கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மனைவி மட்டுமன்றிக் கணவனும் சென்று ஆலோசனை பெறலாம்.

மார்க்கம் மதுவைத் தடுத்துள்ளது. ஆகவே இது எமது பிரச்சினையல்ல என்று நாம் ஒதுங்க முடியாது. இப்பழக்கம் மதம் பார்த்துக் கதவைத் தட்டுவதில்லை.

அன்பான பெற்றோரே, மகளுக்கு வரன் பார்க்கையில் தொழிலையும் வீட்டையும் விசாரிக்கிறீர்கள். மாப்பிள்ளை குடிப்பவரா என்பதையும் விசாரியுங்கள். சகோதரிகளே, அதைக் கேட்பது எமது உரிமை; பிறக்கப்போகும் பிள்ளையின் உரிமையும்கூட.