ஓடுகிற போஸ்ட்கிரஸில் செட்டிங் மாற்றுவது

போஸ்ட்கிரஸை ரீஸ்டார்ட் செய்தால் எல்லாக் கனெக்‌ஷனும் அறுந்துபோகும். நல்லவேளை, பெரும்பாலான செட்டிங்குகளுக்கு அது தேவையே இல்லை.

எதற்குத் தேவை என்பதை முதலில் பாருங்கள். பிஜி_செட்டிங்ஸ் பட்டியலில் உங்கள் செட்டிங்குக்கு நேராக ‘கான்டெக்ஸ்ட்’ என்ன சொல்கிறது? ‘போஸ்ட்மாஸ்டர்’ என்றிருந்தால் ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். ஷேர்டு_பஃபர்ஸ், மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இரண்டும் அந்த வகை. ‘ஸிக்ஹப்’ என்றால் ரீலோட் போதும். ‘யூசர்’ என்றால் உங்கள் செஷனுக்கு மட்டும்கூட மாற்றிப் பார்க்கலாம்.

ஒர்க்_மெம் இந்தக் கடைசி வகை. இயல்பான அளவு 4 எம்பி. பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு, உங்கள் செஷனில் மட்டும்:

செட் ஒர்க்_மெம் = '64எம்பி';

மெதுவாக ஓடும் குவெரியை எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டு ஓட்டுங்கள். முன்பு ‘எக்ஸ்டர்னல் மெர்ஜ்’ என்று டிஸ்க்கில் நடந்த சார்ட் இப்போது மெமரியிலேயே முடிந்தால் மாற்றம் பயன்படுகிறது. ஆனால் இந்த 64 எம்பி சர்வர் முழுவதற்கும் சேர்த்து அல்ல, ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனி. 100 கனெக்‌ஷன்கள் ஆளுக்கொரு சார்ட் செய்தாலே 6 ஜிபியைத் தாண்டிவிடும். அதனால் கனமான ரிப்போர்ட் எடுக்கும் யூசருக்கு மட்டும் ஆல்டர் ரோல் வழியாகக் கொடுப்பதே என் தேர்வு. அந்த யூசர் புதிதாக லாகின் செய்யும்போதுதான் அது நடைமுறைக்கு வரும். கனெக்‌ஷன் பூல் பழைய கனெக்‌ஷன்களையே பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது.

எல்லோருக்கும் மாற்றத்தான் வேண்டும் என்றால், சூப்பர்யூசராக நுழைந்து:

ஆல்டர் சிஸ்டம் செட் ஒர்க்_மெம் = '16எம்பி';
செலெக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப்();

ஆல்டர் சிஸ்டம் வசதி 9.4 பதிப்பிலிருந்து உண்டு. டிரான்ஸாக்‌ஷனுக்குள் இது ஓடாது. எம்பி என்பதை விட்டுவிடாதீர்கள்: வெறும் 64 என்று எழுதினால் 64 கேபி என்று எடுத்துக்கொண்டு, எந்த எரரும் காட்டாமல் போய்விடும். மதிப்பு போஸ்ட்கிரஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் ஃபைலில் பதிவாகிறது. முதன்மை கான்ஃபிக் ஃபைலுக்குப் பிறகு இது படிக்கப்படுவதால் இதில் உள்ளதே செல்லும். முதன்மை ஃபைலை எத்தனை முறை திருத்தியும் மதிப்பு நகரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

ரீலோட் ‘டி’ என்று பதில் தரும். சிக்னல் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. முதன்மை ஃபைலைக் கையால் திருத்தியிருந்தால், ரீலோடுக்கு முன்பே பிஜி_ஃபைல்_செட்டிங்ஸில் ‘எரர்’ பகுதியைப் பார்த்துவிடுங்கள். ரீலோடுக்குப் பின் பிஜி_செட்டிங்ஸில் ‘பெண்டிங்_ரீஸ்டார்ட்’ உண்மை என்று காட்டினால், அந்த மாற்றம் ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறது.

ஷோ ஒர்க்_மெம் போட்டுச் சரிபார்ப்பதைப் புதிய கனெக்‌ஷனில் செய்யுங்கள். சோதனைக்கு ‘செட்’ போட்ட செஷன் இன்னும் தன் 64 எம்பியையே காட்டும்.

பிடிக்கவில்லையா? ஆல்டர் சிஸ்டம் ரீசெட் ஒர்க்_மெம், பிறகு இன்னொரு ரீலோட்.