பெரிய சொல் எது?

கரும்பலகையின் நடுவில் 'தண்ணீர்' என்று எழுதுங்கள். ஒவ்வொருவரும் நினைவுக்கு வரும் சொல்லைச் சொல்லுங்கள். குடம், குழாய், உப்பு, சண்டை. எல்லாவற்றையும் சுற்றிலும் எழுதுங்கள். ஒருவர் சொன்னது சிறியதாக இருக்கட்டும். பலர் சொன்னதைப் பெரிதாக எழுதுங்கள். இதுதான் சொல் மேகம்.

பலர் சொன்ன சொல் பலருடைய கவலை. கூடிப் பேசினால் வழி பிறக்கும்.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்று ஓர் ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்கு வந்தார்கள். பாடத்தில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை இருந்தது. அது தங்கள் வீட்டுக் கதை என்று உணர்ந்தார்கள். கூடிப் பேசினார்கள். சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் பல ஊர்களுக்குப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது.

உங்கள் வகுப்பில் பெரிய சொல் எது? அதைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள்.