கல்லில் எழுதிய காலம்: கடற்புதைபடிவங்களும் அரியலூர்ப் பாறை அடுக்குகளும்

முன்னுரை

ஆண்டு குறிக்கப்படாத கல்வெட்டு ஒன்று கிடைத்தால் அறிஞர் அதன் காலத்தை எவ்வாறு கணிக்கின்றனர்? எழுத்தின் வடிவத்தைப் பார்க்கின்றனர். தமிழி எழுத்து மாறி வட்டெழுத்தாக வளர்ந்தது. ஒவ்வொரு நூற்றாண்டிலும் எழுத்துகளின் வளைவும் கோடும் வேறுபட்டன. வழக்கொழிந்த வடிவம் மீண்டும் இயல்பாகத் தோன்றுவதில்லை. ஆதலின், எழுத்தின் உருவமே காலத்தின் சான்றாகிறது. மண்ணியல் அறிஞர் பாறைகளின் காலத்தைக் கணிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. அங்கே எழுத்தின் இடத்தில் இருப்பவை கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள். திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிரிடேசியஸ் காலப் பாறைகளைக் கொண்டு அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரிடேசியஸ் காலம்

கிரிடேசியஸ் என்பது ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற காலப்பகுதி. 'கிரீட்டா' என்னும் இலத்தீன் சொல் சுண்ணக்கட்டியைக் குறிக்கும். ஐரோப்பாவில் இக்காலத்துச் சுண்ணப்பாறைகள் மிகுந்திருத்தலைக் கண்டு, பெல்ஜிய நாட்டு அறிஞர் தோமாலியஸ் தாலுவா 1822ஆம் ஆண்டு இப்பெயரைச் சூட்டினார். இக்காலத்தின் பிற்பகுதியில் உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்து நின்றது. இன்று கரையிலிருந்து பல கல் தொலைவு உள்ளே இருக்கும் அரியலூர் நிலம் அன்று ஆழமற்ற கடலின் அடித்தளம். அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பி, நத்தை, பவளம், அம்மோனைட்டு முதலியவற்றின் ஓடுகள் சேற்றிலும் மணலிலும் புதைந்து கல்லாயின.

நிலம் ஒரு காலத்தில் நீராயிருந்தது என்னும் எண்ணம் புதியதன்று. கங்கைச் சமவெளி முன்னாளில் கடலாக இருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என்று அல்-பிரூனி பதினோராம் நூற்றாண்டிலேயே தம் இந்திய நூலில் எழுதினார். ஆயினும், 'கடல் இருந்தது' என்று அறிவது வேறு. 'எப்போது இருந்தது' என்று அறிவது வேறு. இரண்டாவது வினாவுக்கு விடை காண மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின.

இரு அடிப்படை விதிகள்

முதல் விதி எளியது. குலையாத படிவுப்பாறைகளில் கீழடுக்கு முந்தியது; மேலடுக்கு பிந்தியது. 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ இதனைத் தெளிவுற வரையறுத்தார். ஆனால் இவ்விதி ஓரிடத்துக்கு மட்டுமே துணை செய்யும். காரையில் உள்ள களிமண்ணும் புதுச்சேரிக்கு அருகிலுள்ள சுண்ணப்பாறையும் ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாதபோது, எது மூத்தது, எது இளையது என்று எவ்வாறு கூறுவது?

இங்கேதான் இரண்டாம் விதி துணைக்கு வருகிறது. இங்கிலாந்தில் கால்வாய்கள் வெட்டும் பணியில் ஈடுபட்ட நில அளவையாளர் வில்லியம் ஸ்மித், ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதையும், அவை எங்கும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதையும் கண்டார். அவ்வுண்மையைத் துணைக்கொண்டு 1815இல் இங்கிலாந்தின் மண்ணியல் வரைபடத்தை வெளியிட்டார். உயிரினங்கள் தோன்றுகின்றன, பரவுகின்றன, மறைகின்றன. மறைந்த இனம் மீண்டும் தோன்றுவதில்லை. எனவே, தொலைவில் உள்ள இரு பாறைகளில் ஒரே குறுங்கால இனம் காணப்பட்டால், அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை எனலாம். இவ்வாறு இடம் கடந்து அடுக்குகளைக் காலத்தால் இணைப்பதையே 'ஒப்பிணைப்பு' என்கிறோம்.

வழிகாட்டிப் புதைபடிவம்

எல்லாப் புதைபடிவங்களும் இப்பணிக்கு உதவா. காலம் காட்டும் புதைபடிவத்துக்கு நான்கு தகுதிகள் வேண்டும். குறுகிய காலமே வாழ்ந்திருத்தல், பரந்த பகுதியில் பரவியிருத்தல், எண்ணிக்கையில் மிகுந்திருத்தல், எளிதில் இனங்காணத்தக்க உருவம் பெற்றிருத்தல் என்பன அவை.

இந்நான்கும் ஒருங்கே அமைந்தவை அம்மோனைட்டுகள். கணவாய்க்கும் எண்காலிக்கும் உறவான இவ்வுயிர்கள் சுருள் வடிவ ஓட்டினுள் வாழ்ந்தன. இமயத்திலிருந்து வரும் சாளக்கிராமக் கற்களில் காணும் சுருள்களும் அம்மோனைட்டுகளின் பதிவுகளே; எனினும் அவை கிரிடேசியஸுக்கு முற்பட்ட ஜுராசிக் காலத்தவை. இவற்றின் ஓடு பல அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். அறைச்சுவர் ஓட்டோடு பொருந்தும் கோடு, கிளைத்து மடிந்து இலை விளிம்பு போல் தோன்றும். அக்கோட்டின் அமைப்பும், ஓட்டின்மேல் உள்ள வரிகளும் முடிச்சுகளும் இனத்துக்கு இனம் வேறுபடும். இவை விரைந்து மாறின. கடலில் நீந்திப் பரவின. இறந்த பின்னும் ஓடுகள் மிதந்து பரவக்கூடியவை. ஆகவே, ஓர் அம்மோனைட்டு இனம் குறிக்கும் காலம் பல வேளைகளில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவாக அமைகிறது.

இவற்றின் நெருங்கிய தோற்றமுடைய நாட்டிலஸ் இன்றும் கடலில் வாழ்கிறது. நெடுங்காலம் பெரிதும் மாறாமலே நிலைத்துவிட்ட அவ்வகை, காலம் காட்டுவதில் அம்மோனைட்டுக்கு ஈடாகாது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணப்பாறையில் குவியல் குவியலாகக் கிடைக்கும் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பியும், அங்கிருந்த கடலின் தன்மையைக் காட்டும் அளவுக்குக் காலத்தைக் காட்டுவதில்லை. ஒரு சிப்பி தனக்கேற்ற கடலடி அமைந்த இடத்திலெல்லாம் வாழும். ஆதலின் 'ஒரே சிப்பிப்பாறை' என்பதற்கு 'ஒரே காலம்' என்று பொருள் கொள்ளலாகாது. இவ்வேறுபாட்டை மாணவர் முதற்கண் மனங்கொளல் வேண்டும்.

தென்னாட்டில் நிகழ்ந்த ஆய்வு

1840களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கில அலுவலர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்கள் இலண்டன் சென்றன. எட்வர்டு போர்பஸ் 1846இல் அவற்றை விரித்துரைத்தார். அவர் புதுச்சேரிப் படிவுகளைக் கிரிடேசியஸின் தொடக்கப் பகுதியைச் சார்ந்தவை என மதிப்பிட்டார். பிற்கால ஆய்வோ அவை அக்காலத்தின் இறுதிப் பகுதியைச் சார்ந்தவை என நிறுவியது. அப்படிவுகளில் பழைய சாயல் மாறாத அம்மோனைட்டு வகைகளும் கலந்துள்ளன. நெடுங்காலம் மாறாத இனங்களைக் கொண்டு காலம் கணித்தால் மயக்கமே மிஞ்சும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இந்திய மண்ணியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு களத்தில் அடுக்கடுக்காக ஆராய்ந்து, இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். கீழிருந்து மேலாக அமைந்த இவ்வரிசை இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. இவற்றுக்கு மேலுள்ள நினியூர்ப் படிவுகள் பின்னர்த் தனியே பிரிக்கப்பட்டன. மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா இப்பாறைகளின் புதைபடிவங்களைப் பெருந்தொகுதிகளாக விரித்தெழுதினார். 1874இல் லடாக் மலைப்பகுதியில் அவர் உயிர்நீத்தபோது வயது முப்பத்தாறே. ஆஸ்திரிய அறிஞர் ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1890களில் இவற்றை மீளாய்ந்து உலகப் படிவுகளோடு ஒப்பிட்டார்.

இன்றைய கணிப்பின்படி ஊட்டத்தூர்த் தொகுதி அல்பியன் நிலையிலிருந்து டுரோனியன் நிலை வரையிலும், திருச்சிராப்பள்ளித் தொகுதி டுரோனியனின் பிற்பகுதியிலிருந்து அதன் மேல்நிலைகளிலும், அரியலூர்த் தொகுதி பெரும்பாலும் கம்பேனியன், மாஸ்டிரிக்டியன் நிலைகளிலும் அடங்கும். நினியூர்ப் படிவுகள் கிரிடேசியஸ் முடிந்தபின் உருவான டேனியன் நிலையின.

கடல் கடந்த ஒப்பிணைப்பு

கோஸ்மாட்டின் பெயரால் அமைந்த கோஸ்மாட்டிசெராஸ் என்னும் அம்மோனைட்டுப் பேரினத்துக்கு மூலச்சான்றான இனம் திருச்சிராப்பள்ளித் தொகுதியிலிருந்து ஸ்டோலிக்ஸ்கா விரித்துரைத்ததே. அதன் உறவினங்கள் மடகாஸ்கரிலும் ஜப்பானிலும் அண்டார்க்டிகாவிலும் கிடைத்துள்ளன. தென்னாப்பிரிக்கக் கரையிலிருந்து 1855இல் பெயரிடப்பட்ட ஹாவெரிசெராஸ் கார்டெனி அரியலூர்ப் படிவுகளிலும் உண்டு. புதுச்சேரிப் படிவிலிருந்து போர்பஸ் பெயரிட்ட, சுருளாது நேராக நீண்ட பாக்குலைட்டஸ் வகை, இன்று யூபாக்குலைட்டஸ் எனப்படுகிறது. அப்பேரினம் சிலியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மாஸ்டிரிக்டியன் பாறைகளை அடையாளம் காட்டுகிறது. தமிழின் பெயர் தாங்கிய பிளாசென்டிசெராஸ் தாமுலிக்கம் என்னும் இனமும் உலக அறிவியல் ஏடுகளில் நிலைபெற்றுள்ளது. ஒரு சிற்றூரின் ஓடைக்கரையில் கிடைக்கும் ஓடு, பெருங்கடல்களுக்கு அப்பாலுள்ள பாறையின் வயதுக்குச் சான்று கூறுகிறது!

ஓர் இனம் மட்டும் சான்றானால் ஐயம் எழலாம். பல இனங்கள் சேர்ந்து சான்று பகர்ந்தால் காலம் நெருக்கமாக வரையறைப்படும். 'அ' என்னும் இனம் முதல் அடுக்கிலிருந்து ஐந்தாம் அடுக்கு வரையிலும், 'ஆ' என்னும் இனம் நான்காம் அடுக்கிலிருந்து எட்டாம் அடுக்கு வரையிலும் வாழ்ந்தன எனக் கொள்வோம். இரண்டும் குலையாமல் ஒருங்கே கிடைக்கும் பாறை நான்கு அல்லது ஐந்தாம் அடுக்கின் காலத்ததே. ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் ஓப்பெல் 1850களில் வகுத்த 'மண்டலம்' என்னும் கருத்து இத்தகைய கூட்டுச்சான்றையே அடிப்படையாகக் கொண்டது.

ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வெளிப்படும் பாறைத்துகள்களில் முழு அம்மோனைட்டு கிடைப்பது அரிது. அங்கே கைகொடுப்பவை ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள். மிதந்து வாழ்ந்த குளோபோட்ரங்கானா போன்றவை மிக நுண்ணியவை. ஒரு பிடித் துகளிலும் பல கிடைக்கும். காவிரிப் படுகையின் எண்ணெய்த் தேட்டத்தில் நிலத்தடி அடுக்குகளை ஒப்பிணைக்க இவை பெரிதும் பயன்படுகின்றன.

ஆண்டுக் கணக்கு வந்த வழி

புதைபடிவம் முன்பின் வரிசையைக் கூறும். ஆண்டு எண்ணைத் தானே கூறாது. எழுத்து வடிவத்தால் வரிசை தெரிந்தாலும், நூற்றாண்டை உறுதிசெய்ய அரசனின் ஆட்சியாண்டு பொறித்த சில கல்வெட்டுகளேனும் வேண்டும் அன்றோ? பாறைகளில் அவ்விடத்தைப் பெறுபவை எரிமலைச் சாம்பல் அடுக்குகள். சாம்பலில் உள்ள படிகங்களில் பொட்டாசியம்-40 சீரான வேகத்தில் சிதைந்து ஒரு பகுதி ஆர்கான்-40 ஆகிறது. பொட்டாசியம்-40 பாதியளவாகக் குறைய 125 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் படிகம் உருவான காலம் தெரியும்.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கிரிடேசியஸ் கடற்படிவுகளுக்கு இடையிடையே இத்தகைய சாம்பல் அடுக்குகள் பல உள்ளன. அவற்றின் மேலும் கீழும் அம்மோனைட்டுகள் உள்ளன. கொலராடோ மாநிலத்துப் புவெப்லோ அருகே டுரோனியன் நிலையின் தொடக்கம் உலகத் தரமாக வரையறுக்கப்பட்டுள்ளது. அதன் வயது ஏறத்தாழ 9 கோடியே 39 லட்சம் ஆண்டு. இங்கே காரைக் களிமண்ணின் மேற்பகுதியில் டுரோனியன் அம்மோனைட்டுகள் கிடைக்கும்போது, அங்கே அளந்த எண்ணை இங்கும் பொருத்த இயல்கிறது. எண்ணைத் தருவது சாம்பல். அதனைக் கடல் கடத்திக் கொணர்வது புதைபடிவம்.

கடற்புதைபடிவம் நிலத்து உயிர்களின் காலத்தையும் காட்டும். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவித்தார். அதன் காலத்தைச் சூழ்ந்துள்ள கடற்படிவுகளைக் கொண்டே அறிகிறோம். கல்லமேட்டு மணற்பாறையில் டைனோசர் எலும்புகள் உண்டு, அம்மோனைட்டுகள் இல்லை. எனினும் அது கீழே மாஸ்டிரிக்டியன் கடற்படிவுக்கும் மேலே நினியூர்ப் படிவுக்கும் இடைப்பட்டிருப்பதால் அதன் காலமும் வரையறைப்படுகிறது.

இடம் இழந்த சான்று

இம்முறையின் உயிர்நாடி, எந்தப் புதைபடிவம் எந்த அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் குறிப்பே. பழைய பாறை அரிக்கப்பட்டு அதிலிருந்த ஓடு புதிய படிவில் சேர்வதும் உண்டு. தேய்ந்த விளிம்பையும் உடன்கிடக்கும் பிற இனங்களையும் களத்தில் நோக்கினாலன்றி அதனைப் பிரித்தறிய இயலாது. மூலச்சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த கல்வெட்டுத் துண்டு போல, அடுக்கு அறியாது திரட்டிய அம்மோனைட்டு தன் சான்றில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அழகுப்பொருளாக அது மேசையில் இருக்கலாம்; அறிவுப்பொருளாக அதன் பயன் குன்றிவிடும்.

அரியலூர்ப் பகுதியின் சுண்ணப்பாறை சிமெண்டுத் தொழிலின் மூலப்பொருள். சுரங்கம் பல அடுக்குகளை ஆய்வாளர் கண்ணுக்குத் திறந்து காட்டியது உண்மை. அவற்றை நாள்தோறும் அழித்து வருவதும் உண்மை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதி நீர்நிலை ஒன்றில் வெளிப்பட்ட உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் எனப் பலர் நம்பினர். அவை அம்மோனைட்டு சார்ந்த கடற்படிவக் கல்லுருண்டைகள் என மண்ணியலார் தெளிவுபடுத்தினர். மக்களிடம் ஆர்வம் இருக்கிறது. அதற்கு வழிகாட்டும் அறிவு சென்று சேரவில்லை என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

முடிவுரை

பாறை அடுக்கு ஒரு சுவடிக்கட்டு. ஒவ்வோர் அடுக்கும் ஓர் ஏடு. ஏட்டின் வரிசை குலைந்தால் நூலின் பொருள் குலையும். பழஞ்சுவடிகளின் ஒவ்வோர் ஏட்டையும் வரிசை தவறாது காத்த மரபு நம்முடையது. அக்கவனத்தை நம் மண்ணின் கல்லேடுகளுக்கும் நாம் செலுத்துதல் வேண்டும். களப்பயணம் செல்லும் மாணவர், உரியவர் ஒப்புதலின்றிப் புதைபடிவத்தைப் பெயர்க்காதிருத்தலையும், கண்ட இடத்தையும் அடுக்கையும் உடனிருந்தவற்றையும் குறித்து வைத்தலையும் முதற்கடமையாகக் கொள்வாராக. ஆசிரியர்களும் ஊர்ப்பெரியோரும் தத்தம் ஊர்களின் கல்லோடைகளையும் கைவிடப்பட்ட சுரங்கங்களையும் இக்கண்ணோடு நோக்கினால், எஞ்சிய சில இடங்களேனும் காக்கப்படும். மறைந்த கடலின் வரலாற்றை வரும் தலைமுறையும் படிக்க அதுவே வழியாகும்.